புள்ளிக்குப் பணம்: ஸ்பீட்வே பந்தயத்தின் நூறாண்டு

மண் பாதையில் நான்கு பைக்குகள். இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நான்கு சுற்று. எல்லாம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. ஸ்பீட்வேயில் ஆட்டக் கணக்கும் இதுதான், சம்பளக் கணக்கும் இதுதான். ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று பேசிக் கையெழுத்திட்ட வீரர், இரவு மைதானத்தை விட்டுக் கிளம்பும்போது எடுத்த புள்ளிகளுக்கான கூலியோடு கிளம்புகிறார். எல்லா ஓட்டத்திலும் கடைசியாக வந்தவர், வேனுக்கு டீசல் போட்ட காசுகூடத் தேறாமல் வீடு திரும்புவார்.

சோழவரம் விமானத் தளத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் நம்மவர்கள் பார்த்து மகிழ்ந்தது தார்த் தளப் பந்தயம். ஸ்பீட்வே வேறு இனம். 500 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் என்ஜின், எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது, பிரேக் அறவே கிடையாது. வளைவு வந்ததும் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இடது காலின் இரும்புச் செருப்பை மண்ணில் தேய்த்துக்கொண்டே வண்டியைத் திருப்ப வேண்டும். இந்தத் துணிச்சலைப் பார்க்க ஒரு காலத்தில் இங்கிலாந்தில் லட்சக்கணக்கானோர் டிக்கெட் வாங்கினார்கள். இன்று போலந்தின் நடுத்தர நகரங்களில் ஊரே திரண்டு வருகிறது.

நூறாண்டைக் கடந்துவிட்ட இப்பந்தயத்தின் வெற்றிப் பட்டியல்கள் பல நூல்களில் உண்டு. இம்மலரில் அதன் வரவு செலவைச் சொல்ல விரும்புகிறேன். டிக்கெட் வாங்கிய கூட்டம், எண்ணெய்க் கம்பெனி, தொலைக்காட்சி, நகராட்சி என்று பணம் வந்த கை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. வந்த பணம் ஆட்டத்துக்குள் தங்கிய இடங்களில் ஸ்பீட்வே தழைத்தது. வழிந்தோடிய இடங்களில் மைதானங்கள் வீட்டுமனைகளாயின. இந்த வரலாறு நமக்குக் கற்றுத் தருவது இதைத்தான்.

மெய்ட்லண்டின் மின்விளக்குத் திருவிழா

1923 டிசம்பர் 15. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வெஸ்ட் மெய்ட்லண்ட் என்னும் சிற்றூரின் வேளாண் சங்கப் பொருட்காட்சித் திடலில் மின்விளக்குத் திருவிழா. சங்கச் செயலாளர் ஜானி ஹாஸ்கின்ஸ், நியூசிலாந்தில் பிறந்தவர், கூட்டம் சேர்க்கும் கலையில் கைதேர்ந்தவர். திருவிழா நிகழ்ச்சிகளோடு மோட்டார் பைக் பந்தயத்தையும் சேர்த்தார். விளக்கொளியில் புழுதி பறக்க வண்டிகள் வளைவில் சறுக்கியதைக் கண்ட ஊர், மறுபடியும் வேண்டும் என்றது. மண் பாதையில் பைக் ஓட்டிய ஊர்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் வாராவாரம் டிக்கெட் விற்று நடத்தக்கூடிய தொழிலாக அதைக் கண்டவர்களில் முன்னோடி ஹாஸ்கின்ஸ்தான்.

1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை அடுத்த எப்பிங் காட்டில், கிங்ஸ் ஓக் விடுதிக்குப் பின்புறம் ஹை பீச் பாதையில் இல்ஃபோர்டு மோட்டார் சைக்கிள் கிளப் பந்தயம் நடத்தியது. சில ஆயிரம் பேர் வந்தால் போதும் என்று காத்திருந்த அமைப்பாளர்களை மனித வெள்ளம் மூழ்கடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டனின் நகரம் தோறும் மண் பாதைகள் முளைத்தன. ஹாஸ்கின்ஸும் கப்பலேறி வந்து சேர்ந்தார்.

தொடக்கக் காலப் பணம் முழுவதும் நட்சத்திரங்களைச் சுற்றியே ஓடியது. அமெரிக்கர் ஸ்ப்ரவுட்ஸ் எல்டர் போன்றவர்களுக்கு ஓட்டத்தில் வெல்வதற்கு முன்பே, வந்து நிற்பதற்கே பெருந்தொகை. அவர் பெயர் சுவரொட்டியில் இருந்தால் கூட்டம் வரும், இல்லையென்றால் வராது. ஒருவர் பையை நிரப்ப ஒரு மைதானத்தின் வசூலே போதாத நிலை வந்ததும், ஆசையில் மண் பாதை போட்டவர்கள் பலர் ஓரிரு ஆண்டுகளிலேயே கதவைச் சாத்தினார்கள். ஆட்டத்துக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

நட்சத்திரத்திலிருந்து அணிக்கு

அந்தப் பாடத்தின் பயனாக 1929இல் லீக் பிறந்தது. தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று. விருந்தாளி நட்சத்திரத்தை நம்பியிருந்த ஆட்டம், ஊர்ப் பெயர் தாங்கிய அணியை நம்பத் தொடங்கியது. பணம் பேசும் முறையும் மாறியது. ஓட்டத்தைத் தொடங்கினால் இவ்வளவு, எடுக்கும் புள்ளிக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் பொதுவான வீதம் மெல்ல மெல்ல நடைமுறைக்கு வந்தது.

புரவலரும் அதே ஆண்டில் வந்துவிட்டார். லண்டன் மாலை நாளிதழ் 'தி ஸ்டார்' தன் பெயரில் 'ஸ்டார் ரைடர்ஸ் சாம்பியன்ஷிப்' நடத்தியது. பத்திரிகைக்கு விற்பனை, ஆட்டத்துக்கு விளம்பரம் என்ற அந்த ஏற்பாடுதான் வளர்ந்து 1936இல் வெம்பிளியில் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பாக உருவெடுத்தது. ஆஸ்திரேலியர் லயனல் வான் பிராக், இங்கிலாந்தின் எரிக் லாங்டனோடு புள்ளியில் சமமாகி, கூடுதல் ஓட்டத்தில் வென்று முதல் உலகச் சாம்பியனானார்.

அணி முறையின் விளைவாகப் பிறந்த ஒரு சிறு விதி, இந்த ஆட்டத்தின் குணத்தை நன்றாகக் காட்டுகிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் அணிக்கு இருவர். புள்ளிக்குத்தான் பணம் என்றால், முன்னால் போகும் தன் கூட்டாளியையே முந்திப் பணம் பார்க்க யாருக்கும் ஆசை வரும். அதைத் தடுக்க வந்தது போனஸ் புள்ளி. கூட்டாளிக்கு அடுத்தபடியாக, எதிரணி வீரருக்கு முன்னால் வருபவருக்குக் கூடுதலாக ஒரு புள்ளிக்கான பணம் உண்டு. அணியின் கணக்கில் அது ஏறாது, வீரரின் கூலியில் மட்டும் ஏறும். 10 புள்ளியும் 2 போனஸும் எடுத்தவரை 'பெய்டு 12' என்று ரசிகர்கள் இன்றும் தங்கள் நிகழ்ச்சிப் புத்தகத்தில் பேனாவால் குறித்துக்கொள்கிறார்கள். கூட்டாளியை முந்தாமல் காத்து நிற்பதற்குக் கூலி தரும் இந்த ஏற்பாட்டில், முன்னோர்களின் அறிவை நான் வியக்கிறேன்.

கேளிக்கை வரி

இரண்டாம் உலகப் போரின்போது பெரும்பாலான மைதானங்கள் மூடிக் கிடக்க, மான்செஸ்டரின் பெல் வியூ மட்டும் பந்தயங்களை விடாமல் நடத்தியது. போர் முடிந்ததும் மகிழ்ச்சிக்கு ஏங்கிய மக்கள் மைதானங்களை நிறைத்தார்கள். சர் ஆர்தர் எல்வின் வளர்த்த வெம்பிளி லயன்ஸ் அணிக்குப் பல்லாயிரம் பேர் வாராவாரம் திரண்டனர். வெம்பிளியின் உலக இறுதிப் போட்டிகளில் 90,000 பேருக்கு மேல் கூடினார்கள். 1949இல் வெம்பிளி அணியின் டாமி பிரைஸ், உலகப் பட்டம் வென்ற முதல் ஆங்கிலேயரானார்.

அத்தனை டிக்கெட் விற்றும் கிளப்புகளின் கையில் தங்கியது குறைவு. காரணம் கேளிக்கை வரி. வேறு பல விளையாட்டுகளைவிட அதிகமாக, 48 சதவீதம் வரை ஸ்பீட்வேயிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. கூட்டம் நிறைந்த நாட்களில் இந்தச் சுமை தெரியவில்லை. 1950களில் தொலைக்காட்சி வீடு வீடாக நுழைந்து கூட்டம் குறைந்தபோது, சேமிப்பு இல்லாத கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. 1957 தொடக்கத்தில் எல்வின் மறைந்தார், வெம்பிளி லீக்கிலிருந்து விலகியது. இரண்டு பிரிவாக இருந்த லீக் ஒன்றாகச் சுருங்கியது. அதே ஆண்டில்தான் அரசு விளையாட்டுகளுக்கான கேளிக்கை வரியை நீக்கியது. பல ஊர்களுக்கு அந்தச் சலுகை காலம் கடந்து வந்தது.

1965: மீண்டும் ஒரு குடும்பம்

சாம்பலிலிருந்து எழுந்தவர்கள் சிறிய ஊர்க்காரர்கள். 1960இல் புரொவின்ஷியல் லீக் தொடங்கியது. சிக்கனமான செலவு, வயதான வீரர்களும் புதியவர்களும் கலந்த அணிகள், குறைந்த டிக்கெட் விலை. 1964இல் பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் கட்டுப்பாட்டு வாரியத்தோடு மோதல் முற்றி, அந்த லீக் அங்கீகாரம் இல்லாமலேயே நடந்தது. லார்டு ஷாகிராஸ் தலைமையிலான விசாரணைக்குப் பின் இரு தரப்பும் சேர்ந்து 1965இல் 18 அணிகளோடு பிரிட்டிஷ் லீக் அமைத்தன. 1968இல் இரண்டாம் பிரிவும் சேர்ந்தது.

பிரிட்டிஷ் லீக்தான் ஸ்பீட்வேயை உலகத் தொழிலாக்கியது என்பேன். ஒவ்வோர் ஊருக்கும் வாரத்தில் ஒரு பந்தய இரவு. மார்ச் முதல் அக்டோபர் வரை வேலை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சுவீடன், டென்மார்க் என எங்கிருந்து வந்த இளைஞனுக்கும், திறமை இருந்தால் பிழைப்பு உண்டு என்ற உறுதியை அது தந்தது.

அந்த உறுதியை நம்பி வந்தவர்களில் தலைசிறந்தவர் ஐவன் மோகர். 1957இல் பதினேழு வயதில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மனைவி ராயோடு விம்பிள்டனுக்கு வந்தார். அணியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி, உழைத்துப் பழகி, 1963இல் நியூகாசில் அணிக்காக மறுபடியும் வந்தார். இம்முறை அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை. 1968, 1969, 1970, 1972, 1977, 1979 என ஆறு உலகப் பட்டங்கள். வண்டிப் பராமரிப்பு, உணவு, உறக்கம், பயணத் திட்டம், புரவலருக்கு எழுதும் கடிதம் என எல்லாவற்றையும் தொழில்முறையாக நடத்திய முதல் தலைமுறை வீரர் அவர். நான்கு முறை சாம்பியனான பாரி பிரிக்ஸோடு சேர்ந்து, ஐரோப்பாவில் பந்தயம் இல்லாத மாதங்களில் வேறு நாடுகளுக்கு வீரர் குழுவை அழைத்துப்போய்ப் பந்தயம் நடத்தினார். பனிக்காலத்தில் வருமானம் நின்றுபோகும் தொழிலில், பன்னிரண்டு மாதமும் சம்பாதிக்க அவர்கள் தாங்களே வழி வெட்டினார்கள்.

வீரரே ஒரு கம்பெனி

கால்பந்து வீரருக்குக் காலணியைக்கூடக் கிளப் தரும். ஸ்பீட்வே வீரர் பைக்கையும் தானே வாங்குகிறார். உதிரி பைக், உதிரி என்ஜின், டயர், மெத்தனால், எண்ணெய், வேன், மெக்கானிக்கின் சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் அவர் செலவு. கிளப் தருவது சீசன் தொடக்கத்தில் ஒரு கையெழுத்துத் தொகை, பிறகு புள்ளிப் பணம். சட்டப்படி அவர் சுயதொழில் செய்பவர். அடிபட்டுக் கிடக்கும் வாரங்களில் புள்ளி இல்லை, எனவே பணமும் இல்லை. வேன் கடனுக்கான தவணை மட்டும் தவறாமல் வரும்.

முன்னணி வீரரின் கோடைக்கால வாரத்தைப் பாருங்கள். ஞாயிறு போலந்து, செவ்வாய் சுவீடன், புதன் டென்மார்க், இடையில் பிரிட்டன், சனியன்று உலகச் சாம்பியன்ஷிப் தொடரான கிராண்ட் பிரீ. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பைக் தொகுதி, ஒரு மெக்கானிக். பைக்குகள் வேனில் இரவெல்லாம் போகும், வீரர் விமானத்தில் போவார். என்ஜினைச் சில பந்தயங்களுக்கு ஒருமுறை பிரித்துச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலையில் கைராசிக்காரர்கள் உலகிலேயே சிலர்தான். போலந்தின் டோருன் நகரில் ரிஷார்ட் கோவால்ஸ்கியின் பட்டறைக்கு வீரர்கள் காத்துக் கிடப்பதன் காரணம், புறப்பாட்டில் கிடைக்கும் அரை மீட்டர் முன்னிலை. முதல் வளைவுக்கு முதலில் போகிறவருக்கே பெரும்பாலும் 3 புள்ளி.

இங்கேதான் வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடைவெளி விழுகிறது. நல்ல என்ஜின் இருந்தால் புள்ளி வரும். புள்ளி வந்தால் பணம் வரும். பணம் வந்தால் இன்னும் நல்ல என்ஜின். இந்தச் சக்கரத்தின் தவறான பக்கத்தில் மாட்டிய இளைஞர்கள் பகலில் கட்டட வேலையோ லாரி ஓட்டும் வேலையோ செய்து பைக்குக்குச் செலவழிக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் எந்த லீக்கும் நடக்காது.

பிரிட்டனில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒருவர் எடுத்த புள்ளிகளையும் போனஸையும் ஓட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து நான்கால் பெருக்கினால் அவருடைய சராசரி வரும். அதிகபட்சம் 12. ஏழு பேரின் சராசரிகளைக் கூட்டினால் லீக் குறித்த வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்காரக் கிளப் ஒன்று எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொள்ளாமல் தடுக்க ஏற்பட்ட நல்ல விதி இது. ஆனால் வீரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், கடினமாக உழைத்துச் சராசரியை உயர்த்தியவர் அடுத்த ஆண்டு அணிக் கணக்கில் பொருந்தாமல் வெளியே நிற்க நேரிடும். வளர்ந்ததற்கே வேலை போகும் கொடுமை வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது? அதோடு, வீரர் ஒரு கிளப்பின் 'சொத்து'. அவரை இன்னொரு கிளப் கட்டணம் கட்டி இரவல் வாங்கும், அல்லது விலைக்கு வாங்கும். 1984இல் ஆக்ஸ்ஃபோர்டு அணி, டென்மார்க்கின் ஹான்ஸ் நீல்சனை பர்மிங்காமிடமிருந்து 30,000 பவுண்டுக்கு வாங்கியது அந்நாளின் பேரதிசயம்.

இதே பிரிட்டனில் ஓர் அழகிய மரபும் உண்டு. பத்தாண்டு ஓட்டிய வீரருக்கு நன்றிப் பந்தயம். சக வீரர்கள் வந்து ஓட்டித் தருவார்கள், அன்றைய வசூல் அவருக்கு. ஓய்வூதியம் இல்லாத தொழிலில் பலருக்குக் கிடைத்த ஒரே மொத்தத் தொகை அதுதான்.

உடையில் ஒட்டிய பெயர்கள்

புள்ளிப் பணம் போதாத இடத்தைப் புரவலர்கள் நிரப்பினார்கள். மோகர் தொடர்ந்து மூன்றாம் முறை சாம்பியனானால் அவர் பைக்குக்குத் தங்க முலாம் பூசித் தருவதாக ஜார்ஜ் வென், ரே போகல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் வாக்களித்தார்கள். 1970இல் போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் அவர் வென்றார், வாக்கும் நிறைவேறியது. அந்தத் தங்க பைக்கின் புகழ் மோகருக்கு எத்தனையோ வாசல்களைத் திறந்தது. அமெரிக்கர் புரூஸ் பென்ஹால் 1981இல் வெம்பிளியின் கடைசி உலக இறுதியில், 92,500 பேர் முன்னிலையில் பட்டம் வென்றார். 1982இல் லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி வென்று, மேடையிலேயே ஓய்வை அறிவித்து, 'சிப்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரில் நடிக்கப் போனார். இருபத்தைந்து வயதில் ஒரு சாம்பியன் விலகிப் போனதைக் கண்டு வருந்தியவர்கள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் எலும்பை அடகு வைக்கும் தொழிலில் பாதுகாப்பான வருமானத்தைத் தேர்ந்தவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

பெரிய புரவலர்கள் அரிது. பெரும்பாலான வீரர்களைத் தூக்கி நிறுத்துபவர்கள் உள்ளூர்க்காரர்கள்: கூரை வேய்பவர், பிளம்பர், லாரிக் கம்பெனி முதலாளி, கார் மெக்கானிக். ஒருவர் டயர் வாங்கித் தருவார், ஒருவர் எண்ணெய் தருவார், ஒருவர் வேனுக்குப் பெயிண்ட் அடித்துத் தருவார். பதிலுக்கு அவர்கள் பெயர் வீரரின் தோளிலும் தொடையிலும் வண்டியின் முகப்பிலும் ஏறும். பெரும்பாலும் லாபக் கணக்கில் அந்தப் பணம் திரும்பாது என்று தெரிந்தேதான் தருகிறார்கள். ஸ்பீட்வேயின் வரலாற்றில் பெயர் பொறிக்கப்படாத தூண்கள் இவர்கள். இந்த மலர் வழியாக அவர்களை வணங்குகிறேன்.

1995இல் ஒற்றை இரவு உலக இறுதிக்குப் பதிலாக, ஊர் ஊராகச் செல்லும் கிராண்ட் பிரீ தொடர் விரோட்ஸ்வாஃபில் தொடங்கியது. முதல் பந்தயத்தை வென்றவர் டோமாஷ் கோலோப். 2001 முதல் தனியார் நிறுவனம் உரிமையை எடுத்து, கார்டிஃப் மில்லேனியம் அரங்கு போன்ற மூடிய பேரரங்குகளுக்குள் மண்ணைக் கொட்டிப் பாதை போட்டது. ஒளி கூடியது, கட்டுப்பாடும் கூடியது. தொடரின் புரவலர்களுக்கும் வீரரின் சொந்தப் புரவலர்களுக்கும் இடையே, உடையில் எவர் பெயருக்கு எந்த இடம் என்பதே பெரிய விவகாரமாயிற்று. 2023இல் டென்மார்க்கின் வோயென்ஸில், தகுதிச் சுற்றுக்கு விதிப்படி அல்லாத உடையணிந்து வந்ததற்காக, தொடரில் முதலிடத்தில் இருந்த போலந்து வீரர் பார்தோஷ் ஷ்மார்ஸ்லிக் அந்தப் பந்தயத்திலிருந்தே நீக்கப்பட்டார். ஓர் உடையால் உலகப் பட்டம் கைநழுவும் நிலை. அடுத்து டோருனில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

வாடகை மண்

பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் ஆழமான காயம் நிலம். பெரும்பாலான கிளப்புகள் நாய்ப் பந்தய அரங்குகளில் வாடகைக்கு இருந்தன. எத்தனை டிக்கெட் விற்றாலும் மண் அவர்களுடையதாகவில்லை. 1987இல் பெல் வியூவின் ஹைட் ரோடு மைதானம் விற்கப்பட்டது. பீட்டர் கிரேவன் ஓட்டிய மண் அது. 1955, 1962 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியனான அந்தச் சிறிய உருவம், 1963 செப்டம்பரில் எடின்பரோவில், விழுந்துகிடந்த சக வீரர் மீது மோதாமல் விலகியபோது தடுப்புச் சுவரில் மோதி உயிர்நீத்தது. ஆயிரமாயிரம் பேர் கண்ணீர் விட்ட அந்த வீரரின் மைதானத்தைக் காக்க எவரிடமும் பணமில்லை.

கோவென்ட்ரி, சுவிண்டன், பீட்டர்பரோ, உல்வர்ஹாம்ப்டன் என்று கடந்த பத்தாண்டுகளில் புகழ்பெற்ற அணிகள் தங்கள் மண்ணை இழந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியின் பணம் வந்தது. அது நட்சத்திரங்களின் தொகையை உயர்த்தியது. நிலம் வாங்கவோ பயிற்சிப் பாதைகள் அமைக்கவோ மிகக் குறைவாகவே தங்கியது. அந்தப் பணம் நின்றபின், உயர்ந்த செலவு மட்டும் மிஞ்சியது. மான்செஸ்டர் மாநகராட்சியின் முயற்சியில் 2016இல் எழுந்த தேசிய ஸ்பீட்வே அரங்கம்தான் இருளில் ஒரு விளக்கு. பொதுச் சொத்தாக மண் இருந்தால் அணி வாழும் என்பதற்கு அது சாட்சி.

லூப்ளின் திறந்த கதவு

போலந்தில் லீக் 1948இல் தொடங்கியது. பொதுவுடைமை ஆட்சியில் கிளப்புகள் ஆலைகளையும் சுரங்கங்களையும் சார்ந்து வாழ்ந்தன. கொர்சூஃபின் 'ஸ்டால்' உருக்குத் தொழிலின் பெயர். செஸ்டகோவாவின் 'விவூக்னியாஷ்' நெசவாலைத் தொழிலாளியின் பெயர். வீரர் ஆலையின் சம்பளப் பட்டியலில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவார். 1973இல் சிலேசிய அரங்கில் பெருங்கூட்டத்தின் முன்னால் யெஷி ஷ்சாகியேல் போலந்தின் முதல் உலகச் சாம்பியனானார்.

ஆட்சி மாறி ஆலைகள் தள்ளாடியபோது கிளப்புகளும் தள்ளாடின. 1990இல் வெளிநாட்டு வீரர்களுக்கு லீக் கதவைத் திறந்தது. அந்த ஆண்டே மோட்டோர் லூப்ளின் அணிக்கு ஹான்ஸ் நீல்சன் வந்தார். உலகின் தலைசிறந்த வீரர் தங்கள் ஊர்ச் சட்டையணிந்து ஓட்டியதை அந்நகரம் இன்றும் பேசுகிறது. 1991இல் அணி இரண்டாமிடம் பெற்றது. அந்த உயரத்தில் நிலைக்கவில்லை. இறங்கியது, சரிந்தது, மறுபடி கட்டப்பட்டது. 2019இல்தான் உச்ச லீக்குக்குத் திரும்பியது. 2022, 2023, 2024 என மூன்று பட்டங்கள் வென்றது.

இடையில் என்ன மாறியது? 2000இல் எக்ஸ்ட்ராலீகா என்ற உச்ச லீக் உருவாகி, பின்னர் தனி நிறுவனமாகவே நடத்தப்பட்டது. மைதானங்கள் பெரும்பாலும் நகராட்சியின் சொத்து. டோருன் நகரம் 2009இல் திறந்த மோட்டோஅரேனா, ஸ்பீட்வேக்கென்றே கட்டிய அரங்கம். எரிசக்தி நிறுவனம் பி.ஜி.இ. 2015 முதல் லீக்கின் பெயரில் இருக்கிறது. தொலைக்காட்சி உரிமைப் பணம் கிளப்புகளுக்குப் பங்காகப் போகிறது.

இவற்றைவிடப் பெரிது இளைஞர் விதி. ஒவ்வோர் அணியிலும் 21 வயதுக்குட்பட்ட போலந்து இளைஞர் இருவர் கட்டாயம். பந்தயத்தின் இரண்டாம் ஓட்டம் அவர்களுக்கே. எத்தனை பணம் இருந்தாலும் அந்த இடத்தை வெளிநாட்டு நட்சத்திரத்தால் நிரப்ப முடியாது. எனவே ஒவ்வொரு கிளப்பும் பள்ளி நடத்துகிறது, சிறுவர்களுக்குப் பைக் தருகிறது. பணக்காரத் தந்தை இல்லாத சிறுவனும் நுழைய வழி இருக்கிறது.

அந்த வழியாக வந்தவர்தான் ஷ்மார்ஸ்லிக். கொர்சூஃபை அடுத்த கினித்சே என்ற கிராமம். 2012இல் பதினேழாம் வயதில் கொர்சூஃப் கிராண்ட் பிரீயில் மேடையேறினார். 2023இல் லூப்ளினுக்கு மாறினார். 2019, 2020, 2022, 2023, 2024, 2025 என்று ஆறு உலகப் பட்டங்கள் வென்று மோகரோடும் சுவீடனின் டோனி ரிக்கார்ட்சனோடும் சமமாக நிற்கிறார். 2025இல் ஆஸ்திரேலியர் பிராடி கர்ட்ஸ் அவரை ஒரே ஒரு புள்ளி இடைவெளி வரை துரத்தி வந்தார்.

போலந்திலும் கவலைகள் உண்டு. லீக்கைத் தாங்குபவற்றில் அரசு சார்ந்த நிறுவனங்கள் அதிகம். அரசியல் காற்று மாறினால் அந்தக் கை விலகலாம். நட்சத்திரங்களுக்கான போட்டியில் கிளப்புகள் தாங்கமுடியாத தொகை பேசுகின்றன. 1929க்கு முன் பிரிட்டன் செய்த பிழையின் நிழல் இது. நண்பர்களாகச் சொல்கிறோம்: விழிப்பு வேண்டும்.

விழுந்தவர்களுக்குக் கடன்

வரவு செலவு எழுதும்போது தவறாமல் எழுத வேண்டிய ஒரு பக்கம் உண்டு. 1989இல் பிராட்ஃபோர்டில் நடந்த உலக அணிப் போட்டியில் எரிக் குண்டர்சன் படுகாயமடைந்தார். மூன்று உலகப் பட்டங்கள் வென்றவரின் ஓட்டம் அன்றோடு நின்றது. 2012 மே மாதம் விரோட்ஸ்வாஃபில் லீ ரிச்சர்ட்சன் உயிரிழந்தார். 2015 ஆகஸ்டில் ஷெலோனா கூராவில் டார்சி வார்டு விழுந்தார். இருபத்துமூன்று வயதில் நடக்கும் ஆற்றலை இழந்தார். 2016இல் உலகத் தொடரில் முன்னிலை வகித்த ஜேசன் டாயில், டோருனில் விழுந்து பட்டத்தை இழந்தார். மறு ஆண்டு கால் எலும்பு முறிந்த நிலையிலும் ஓட்டிச் சாம்பியனானதை வீரம் என்று போற்றுகிறோம். ஓட்டாவிட்டால் வருமானம் இல்லை என்ற நெருக்கடியும் இத்தொழிலில் ஒவ்வொரு வீரரின் பின்னால் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பிரிட்டனில் வீரர் நல நிதிக்காக ரசிகர்கள் இடைவேளையில் வாளி ஏந்தி வசூலிக்கிறார்கள். ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவர்களும் நாணயம் போடுகிறார்கள். அந்த மனங்களுக்கு ஈடில்லை. காற்று நிரப்பிய தடுப்புகள் பல உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் ஒரு தொழில், தன் தொழிலாளியின் முறிந்த முதுகுக்கு வாளியை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்த நூறாண்டுக்கு

2028 பிப்ரவரியில் ஹை பீச் பந்தயத்துக்கு நூறு வயது. கொண்டாட்டங்கள் நடக்கும், பழைய வண்டிகள் வலம் வரும். அவ்வேளையில் ஆட்டத்தின் நிர்வாகிகள் மூன்று முடிவுகளை எடுத்தால், அதைவிடப் பெரிய விழா இல்லை.

ஒன்று, தொலைக்காட்சிப் பணத்திலும் பெரும் புரவலர் பணத்திலும் ஒரு நிலையான பங்கு இளைஞர் பயிற்சிக்கு என்று ஒவ்வொரு நாட்டின் விதிப்புத்தகத்திலும் எழுதப்பட வேண்டும். போலந்தின் இளைஞர் விதி இதற்கு முன்மாதிரி. இரண்டு, மண் ஊருடையதாக வேண்டும். நகராட்சியோ ரசிகர் கூட்டுறவோ நிலத்தை வைத்திருந்தால், அமைப்பாளர் மாறினாலும் அணி பிழைக்கும். மூன்று, காயமடைந்த வீரருக்கான காப்பீடும் மறுவாழ்வும் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் முதல் செலவாக ஒதுக்கப்பட வேண்டும். நட்சத்திரத்தின் தொகையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றுக்கும் வரலாற்றில் ஆதாரம் இருக்கிறது. தன் சம்பாத்தியத்தை ஆட்டத்துக்கே திருப்பிக் கொடுத்தவர்களை நாம் அறிவோம். மூன்று முறை சாம்பியனான டென்மார்க்கின் ஓலே ஓல்சன், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே 1975இல் வோயென்ஸில் சொந்தமாக மைதானம் அமைத்தார். பின்னாளில் உலக இறுதிகளும் கிராண்ட் பிரீக்களும் அங்கே நடந்தன. 2025இல் ஷ்மார்ஸ்லிக்கின் ஆறாம் பட்டம் முடிவானதும் அந்த மண்ணில்தான். ஒரு வீரர் ஐம்பதாண்டுக்கு முன் செய்த முதலீடு இன்றும் பலன் தருகிறது. தனி ஒருவரால் முடிந்ததை லீக்குகளாலும் நகரங்களாலும் செய்ய முடியும். செய்ய வேண்டும் என்று இம்மலரின் வழியே உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். புள்ளிக்கு ஓட்டிய ஒவ்வொரு வீரருக்கும் நாம் பட்டிருக்கும் கடன் அது.